கத்தி எட்டாத இடத்தில் கதிர்: அறுவை இயலாத அட்ரினல் புற்றுகள் குறித்து

கேள்வி

அட்ரினல் சுரப்பியில் தோன்றும் புற்றுக்கு அறுவையே முதல் சிகிச்சை என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. கட்டியை அதன் உறை கிழியாமல், ஓரத்தில் எதுவும் மிஞ்சாமல் எடுத்துவிட்டால் நோயாளி பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எடுக்க இயலாது என்று ஆனபின் என்ன செய்வது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. வயிற்றின் பெருஞ்சிரைக்குள் புகுந்துவிட்ட கட்டி, கல்லீரலுக்கும் எலும்புக்கும் ஏற்கெனவே சிதறிவிட்ட நோய், மயக்க மருந்தைத் தாங்காத இதயம் என்று அறுவை கைவிடப்படக் காரணங்கள் பல. அந்த இடத்தில் கதிர்வீச்சு, ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறோமே அது, உண்மையிலேயே ஒரு சிகிச்சையா, வேறு வழி இல்லாதபோது கொடுக்கப்படும் ஆறுதலா?

'இவ்வகைக் கட்டிகள் கதிர்வீச்சுக்கு மசிவதில்லை' என்பதே பாடநூல்கள் நெடுங்காலம் தந்த விடை. இந்த விடை இன்று செல்லாது என்பது என் வாதம். அந்தப் பழைய விடையை மறுக்க முன்வைக்கப்படும் எண்கள் பலவும் பார்வைக்குத் தோன்றும் அளவு வலுவானவை அல்ல என்பதையும் உடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சுரப்பி, இரண்டு நோய்கள்

'அட்ரினல் புற்று' என்று ஒருமையில் பேசுவதே முதல் குழப்பம். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இந்தச் சுரப்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம்தான் இருக்கும். அதற்குள் இரண்டு உறுப்புகள் ஒட்டிக் கிடக்கின்றன. வெளிப்புறத்துப் புறணி கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரான் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. உட்புறத்து அகணி நரம்பு மண்டலத்தின் வழித்தோன்றல். அது சுரப்பது அட்ரினலினும் நார்அட்ரினலினும்.

புறணியில் வருவது அட்ரினோகார்ட்டிகல் கார்சினோமா. ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் நோய். வேகமானது, கொடியது. அகணியில் வருவது ஃபியோகுரோமோசைட்டோமா. இதே வகைத் திசு சுரப்பிக்கு வெளியே கட்டியானால் பாராகாங்லியோமா என்று பெயர். 10 லட்சத்துக்கு 2 முதல் 8 பேர் வரை ஆண்டுதோறும் இதற்கு ஆளாகிறார்கள். மண்டையைப் பிளக்கும் தலைவலி, படபடப்பு, வியர்வை, திடீரென எகிறும் ரத்த அழுத்தம் ஆகியவை அடையாளங்கள். பெரும்பாலான அகணிக் கட்டிகள் பரவுவதில்லை. பரவியவற்றிலும் பல மிக மெதுவாக நகரும். எது பரவும், எது பரவாது என்று நுண்ணோக்கியில் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாததால், 2017இல் உலக சுகாதார நிறுவனம் 'தீங்கற்றது', 'தீங்கானது' என்ற பாகுபாட்டையே கைவிட்டு, இவை அனைத்துக்கும் பரவும் ஆற்றல் உண்டு என்று வகைப்படுத்தியது.

ஒரே தொழுவத்தில் கட்டியிருக்கும் பசுவும் எருமையும்போல இவை இரண்டும் வேறு வேறு. கதிர்வீச்சு ஒன்றுக்கு உதவியது என்பதால் மற்றதற்கும் உதவும் என்று கொள்ள முடியாது. குழந்தைகளின் அட்ரினலில் வரும் நியூரோபிளாஸ்டோமா மூன்றாவது நோய். அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும் என்பதால் இங்கே அதைத் தொடவில்லை.

'மசியாத கட்டி' என்ற தீர்ப்பு

கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தால் அந்தப் பழைய தீர்ப்பு எப்படிப் பிறந்தது என்று ஊகிக்கலாம். வலது அட்ரினல் கல்லீரலுக்கும் பெருஞ்சிரைக்கும் இடையில் செருகியிருக்கிறது. இடது அட்ரினலுக்குக் கணையத்தின் வால், மண்ணீரல், இரைப்பை, பெருந்தமனி ஆகியவை அண்டை வீட்டார். கீழே சிறுநீரகம், நடுவில் தண்டுவடம். சிறுநீரகம் முழுவதற்குமான சராசரிக் கதிர் அளவு 18 கிரேயைத் தாண்டினால் அது பழுதுபடத் தொடங்கும். தண்டுவடம் 45 முதல் 50 கிரே வரை தாங்கும். கட்டியை அடக்க 50 முதல் 60 கிரே தேவை. போதாக்குறைக்கு, மூச்சு விடும்போதெல்லாம் உதரவிதானத்தோடு சேர்ந்து அட்ரினலும் மேலும் கீழும் நகரும். சிலரிடம் இந்த நகர்வு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல்.

கோபால்ட் எந்திரமும் இரு பரிமாண எக்ஸ்ரே படமும் மட்டுமே இருந்த காலத்தில், இப்படிப்பட்ட இடத்துக்குத் தேவையான அளவைக் கொடுக்க எந்த மருத்துவர் துணிந்திருப்பார்? குறைந்த அளவு கொடுக்கப்பட்டது, கட்டி அடங்கவில்லை, பழி கட்டியின் மேல் விழுந்தது. இது என் வாசிப்புதான். ஆனால் அளவு கூடிய பிறகு வந்த முடிவுகள் இந்த வாசிப்புக்கு ஆதரவாகவே இருக்கின்றன.

புறணிப் புற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் ஃபாஸ்நாக்ட் குழு 2006இல் ஒரு சிறு ஒப்பீட்டை வெளியிட்டது. அறுவைக்குப் பின் கட்டி இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சு பெற்ற 14 பேர் ஒருபுறம், அவர்களுக்கு இணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, கதிர்வீச்சு பெறாத 14 பேர் மறுபுறம். 5 ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பாதிருக்கும் வாய்ப்பு முதல் குழுவில் 79 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 12 விழுக்காடு. ஆயுள் மட்டும் நீளவில்லை. 2013இல் டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு இதற்கு நேர்மாறாக, கதிர்வீச்சால் உள்ளூர்ப் பயன்கூட இல்லை என்றது. இவையெல்லாம் அறுவை முடிந்தவர்களைப் பற்றியவை என்பதை மறக்கக் கூடாது. அறுவையே செய்ய இயலாதவர்கள் பற்றிய தரவு இன்னும் மெலிது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2011இல் வெளியிட்ட தொகுப்பில் கதிர்வீச்சு மட்டுமே பெற்றவர்கள் 10 பேர். அவர்களில் ஒருவருக்குத்தான் சிகிச்சை பெற்ற இடத்தில் நோய் முற்றியது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு கொள்கை வகுக்க முடியாது. ஆனால் 'மசியாது' என்ற சொல்லைக் கேள்வி கேட்க அந்தப் பத்துப் பேர் போதும்.

அகணிக் கட்டிகளில் சான்று சற்றுக் கெட்டி. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2018இல் வெளியிட்ட ஆய்வு, பல பத்தாண்டுகளில் அங்கே வெளிப்புறக் கதிர்வீச்சு பெற்ற 41 பேரின் 107 இடங்களைத் திரும்பிப் பார்த்தது. 5 ஆண்டுகளில் 81 விழுக்காட்டு இடங்களில் நோய் அடங்கியிருந்தது. வலி முதலான தொல்லைகளோடு வந்தவர்களில் 94 விழுக்காட்டினருக்குத் தொல்லை குறைந்தது. முதுகெலும்பில் இறங்கிய கட்டி தண்டுவடத்தை நெருக்கும் நிலையில் இருப்பவருக்கு இந்த எண்ணின் பொருள், காலில் நடப்பதா, படுக்கையில் கிடப்பதா என்பது. 'ஆயுள் நீளவில்லையே' என்று இதைத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்று கணினி வழிகாட்டும் எந்திரங்கள் மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எங்கே இருக்கிறது என்று படம் பிடித்து, அதற்கேற்பக் கதிரைக் குவிக்கின்றன. ஐந்தாறு அமர்வுகளிலேயே அதிக அளவைக் கொடுத்து முடிக்கவும் முடிகிறது. சிறிய, தனித்த கட்டிகளுக்கு இது பொருந்தும். புறணிப் புற்று கண்டறியப்படும்போது பெரும்பாலும் 10 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

உள்ளிருந்து சுடும் கதிர்

உடலெங்கும் சிதறிய நோயை வெளியிலிருந்து குறிவைக்க முடியாது. அதற்கான வழியை அமெரிக்காவின் ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அணு மருத்துவக் குழு கண்டது. அட்ரினல் அகணியைப் படம் பிடிக்க ஒரு மூலக்கூறைத் தேடிக்கொண்டிருந்த வீலண்ட், பெயர்வால்ட்ஸ் முதலானோர் 1980 வாக்கில் எம்.ஐ.பி.ஜி. என்ற சேர்மத்தை உருவாக்கினார்கள். நார்அட்ரினலினைப் போன்ற சாயல் கொண்ட அதை, அகணிச் செல்கள் தம் சொந்தச் சரக்கு என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் கதிரியக்க அயோடினை ஏற்றிவிட்டால் கட்டி தானாகவே நஞ்சை விழுங்கும். சிறு அளவு, படத்தில் கட்டியைக் காட்டும். பெரிய அளவு, கட்டியைச் சுடும். சிஸ்ஸன் குழு 1984இல் இதைச் சிகிச்சையாகப் பயன்படுத்திய முதல் அனுபவத்தை வெளியிட்டது. அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் பாயும் தொலைவு அதிகம் போனால் 2 மில்லிமீட்டர்.

சிகிச்சை நாள் பார்வைக்கு எளியது. தைராய்டு சுரப்பி இந்த அயோடினைப் பறித்துக்கொள்ளாமலிருக்க ஓரிரு நாள் முன்பே நோயாளிக்குச் சாதாரண அயோடின் சொட்டு மருந்தோ மாத்திரையோ தொடங்கிவிடுவார்கள். லபட்டலால் போன்ற சில ரத்த அழுத்த மருந்துகளும், ட்ரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்துகளும், சில சளி மாத்திரைகளும்கூட கட்டியின் வாயை அடைத்துவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். கதிர் வெளியேறாத சுவர்கள் கொண்ட தனி அறையில் ஈயக் கவசத்துக்குள் இருக்கும் மருந்து, சொட்டுச் சொட்டாகச் சிரையில் இறங்கும். வேகமாக இறக்கினால் கட்டி தேக்கி வைத்திருக்கும் நார்அட்ரினலின் ரத்தத்தில் கொட்டி, அழுத்தம் 200ஐத் தாண்டி எகிறக்கூடும். அதனால் நிமிடங்களின் இடைவெளியில் அழுத்தம் அளக்கப்படும். முதல் சில நாட்களில் மருந்தின் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுவதால் கழிப்பறைக்குக்கூட விதிகள் உண்டு. உடலிலிருந்து வரும் கதிர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இறங்கியதை அளவி காட்டும்வரை அறையைவிட்டு வெளியே வர முடியாது. பிறகு சில வாரங்களுக்கு எலும்பு மஜ்ஜை சோர்ந்து ரத்த அணுக்கள் குறையும். அரிதாக, ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றும் வரலாம்.

வெளிப்புறக் கதிர்வீச்சிலும் இந்த அழுத்த ஆபத்து உண்டு. சிகிச்சைக்கிடையே அழுத்தம் தாறுமாறாக உயர்ந்த நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். பிரசோசின், டாக்ஸசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்தால் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவராமல் ஃபியோகுரோமோசைட்டோமாவுக்குக் கதிர் கொடுப்பது, முன்னேற்பாடில்லாமல் அறுவைக்குப் போவதற்குச் சமம்.

எம்.ஐ.பி.ஜி.க்குப் போட்டியாக வந்தது லூட்டீஷியம்-177 டோட்டாடேட். இது செல்லின் மேற்பரப்பிலுள்ள சொமட்டோஸ்டாட்டின் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. குடல், கணைய நரம்புநாளமில்லாக் கட்டிகளுக்கு 2018 ஜனவரியில் அமெரிக்க அனுமதி பெற்ற இம்மருந்தை, அட்ரினல் கட்டிகளுக்கும் மருத்துவர்கள் தம் பொறுப்பில் பயன்படுத்துகிறார்கள்.

எண்களை வாசிக்கும் முறை

எம்.ஐ.பி.ஜி. பெற்ற 243 பேரைப் பற்றிய 17 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த கட்டுரையின்படி, கட்டி முற்றாக மறைந்தவர்கள் 3 விழுக்காடு, சுருங்கியவர்கள் 27, மாறாமல் நின்றவர்கள் 52. லூட்டீஷியம் வகைச் சிகிச்சைகள் பற்றி சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தினர் 2019இல் 201 பேரின் தரவைத் தொகுத்தபோது கட்டி சுருங்கியவர்கள் 25 விழுக்காடு, நோய் கட்டுப்பட்டவர்கள் 84 விழுக்காடு.

எம்.ஐ.பி.ஜி.யின் மூன்று எண்களைக் கூட்டி '82 விழுக்காடு கட்டுப்பாடு' என்பது எளிது. மருத்துவமனைத் துண்டறிக்கைகளில் வருவதும் இத்தகைய எண்தான். ஆனால் அந்த 82இல் 52 என்பது 'மாறாமல் நின்றவர்கள்'. சிகிச்சை இல்லாதிருந்தால் அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள்?

இதற்கு விடை இருக்கிறது. நோய் பரவியிருந்தும் எந்தச் சிகிச்சையும் தொடங்கப்படாத பிரெஞ்சு நோயாளிகளை ஆராய்ந்து எஸ்கோ குழு 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினரின் நோய் தானாகவே அசையாமல் நின்றிருந்தது. 2024இல் லான்செட்டில் வெளியான சுனிடினிப் மாத்திரை ஆய்வு இன்னும் கறாரான அளவுகோல். நோய் வளர்வது உறுதியான 78 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்த அந்த ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 விழுக்காட்டினரின் நோய் ஓராண்டுவரை முன்னேறவில்லை; சுனிடினிப் பெற்றவர்களில் 36 விழுக்காடு. பரவிய அகணிக் கட்டிகளுக்காக நடந்த முதல் குலுக்கல் ஆய்வு இதுவே. அதாவது நாற்பதாண்டு வரலாறு கொண்ட கதிரியக்கச் சிகிச்சையைவிட, பின்னால் வந்த ஒரு மாத்திரைக்குத்தான் ஒப்பீட்டுச் சான்று முதலில் கிடைத்திருக்கிறது.

ஆகவே மெதுவாக நகரும் நோயில் 'மாறாமல் நின்றது' என்பதைச் சிகிச்சையின் கணக்கில் எழுதும்முன், கடந்த ஓராண்டில் கட்டி வளர்ந்ததா என்று கேட்க வேண்டும். வளராத கட்டிக்குக் கதிரியக்க மருந்தை ஊற்றி, அது வளரவில்லை என்று மகிழ்வதில் பொருளில்லை.

இந்தக் குறையைச் சுற்றிச் செல்ல வேறோர் அளவுகோலைக் கையாண்டது அஸெட்ரா ஆய்வு. அஸெட்ரா என்பது செறிவு கூட்டப்பட்ட எம்.ஐ.பி.ஜி. ஒவ்வொரு தவணையிலும் சுமார் 500 மில்லிக்யூரி, குறைந்தது 90 நாள் இடைவெளியில் இரண்டு தவணைகள். கட்டியின் அளவை முதன்மையாகக் கொள்ளாமல், நோயாளியின் ரத்த அழுத்த மாத்திரைகள் பாதியாகக் குறைந்து ஆறு மாதமாவது அப்படியே நீடித்ததா என்று பார்த்தார்கள். 68 பேரில் 17 பேருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, நீடித்தது. இதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. என்றாலும் 92 விழுக்காட்டினரின் கட்டி சுருங்கியது அல்லது நின்றது என்ற அதே ஆய்வின் பளிச்சென்ற எண்ணைவிட, இந்த 25தான் எனக்கு நம்பகமாகப் படுகிறது. மாத்திரை பாதியாவது அவ்வளவு எளிதில் தானாக நடப்பதில்லை.

மரபணு குறுக்கிடும் இடங்கள்

அகணிக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு அது பரம்பரையாக வந்தது. அதில் எஸ்.டி.எச்.பி. மரபணுப் பிழை உள்ளவர்களுக்குப் பரவும் ஆபத்து மிகுதி. இவர்களின் கட்டிகள் பெரும்பாலும் எம்.ஐ.பி.ஜி.யை இழுப்பதில்லை, ஆனால் டோட்டாடேட் ஸ்கேனில் ஒளிர்கின்றன. எந்த மருந்து என்பதை ஸ்கேன்தான் முடிவு செய்ய வேண்டும். ஒளிராத கட்டிக்கு அம்மருந்தைக் கொடுப்பது மஜ்ஜையைச் சுடுவது மட்டுமே.

புறணிப் புற்றில் குறுக்கிடுவது டிபி53. தென் பிரேசிலின் மக்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று பேர் இந்த மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிழையைச் சுமக்கிறார்கள். அங்கே குழந்தைகளிடையே புறணிப் புற்று உலகின் பிற பகுதிகளைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இப்பிழை உள்ள உடலில் கதிர்வீச்சே பின்னாளில் வேறொரு புற்றை மூட்டக்கூடும் என்பதால் இயன்றவரை அதைத் தவிர்ப்பார்கள். எனினும் அறுவை இயலாத, முற்றிய நோயுள்ள பெரியவருக்கு, பத்தாண்டு கழித்து வரக்கூடிய இரண்டாம் புற்றைவிட இன்றைய வலி பெரிது. குழந்தைக்கு இந்தத் தராசு வேறு பக்கம் சாயும்.

மரபணு ஒருபுறமிருக்க, புறணிப் புற்றுக்கென்றே உள்ளிருந்து சுடும் ஒரு மருந்தை ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழு முயன்றிருக்கிறது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து அட்ரினல் புறணியை முடக்கிவிடுகிறது என்று 1980களில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கண்டுபிடித்து அஞ்சினார்கள். அந்தத் தீமையையே பிடிப்பாக்கி, அதன் உறவுச் சேர்மத்தில் அயோடின்-131ஐ ஏற்றினார்கள். 2012இல் வெளியான முடிவில் 11 பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, ஐவருக்கு நின்றது. புறணிப் புற்று சும்மா நிற்கும் நோயல்ல. அதே ஆண்டில் வெளியான 304 பேரின் பெரிய ஆய்வில், மிட்டோடேன் என்ற மருந்தும் மூன்று கீமோதெரபி மருந்துகளும் சேர்ந்தே நோயைச் சராசரியாக 5 மாதம்தான் தடுத்து நிறுத்தின. எனவே இங்கே 'நின்றது' என்ற சொல்லுக்கு அகணிக் கட்டியில் இல்லாத எடை உண்டு.

கிடைக்கும் மருந்தும் கிடைக்காத மருந்தும்

அஸெட்ரா 2018 ஜூலை 30இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அறுவை இயலாத அகணிக் கட்டிக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து. 2024இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. நோயாளிகள் மிகக் குறைவு, தயாரிப்போ செலவு மிக்கது. 2025 மே மாதம் அதே நோய்க்கு அனுமதி பெற்ற பெல்சுடிஃபான் வீட்டிலிருந்தே விழுங்கும் மாத்திரை. 72 பேரில் 26 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. ஈய அறை தேவையில்லாத சிகிச்சையோடு கதிரியக்க மருந்து இனிப் போட்டியிட வேண்டும்.

இந்தியாவின் நிலை வேறு. இங்கே வழக்கமான எம்.ஐ.பி.ஜி.யையும் லூட்டீஷியத்தையும் அணுசக்தித் துறையே தருகிறது. டிராம்பேயின் துருவா அணு உலையில் லூட்டீஷியம் உருவாகிறது. நவி மும்பையிலுள்ள, அதே துறையின் பிரிட் நிறுவனம் மருந்தாக்கி மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ஒரு தனியார் நிறுவனத்தின் லாபக் கணக்கு மாறினால் மருந்தே இல்லாமல் போகும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. தில்லி எய்ம்ஸ் இன்னும் ஒரு படி போய், ஆல்ஃபா கதிர் வீசும் ஆக்டினியம்-225 ஏற்றிய டோட்டாடேட்டைப் பாராகாங்லியோமா நோயாளிகளுக்குக் கொடுத்து 2022இல் முடிவை வெளியிட்டது. ஆல்ஃபா கதிர் சில செல்களின் தொலைவே பாய்வதால் அக்கம்பக்கத்துச் சேதம் குறைவு, தாக்கம் கூடுதல். மதிப்பிடப்பட்டவர்களில் பாதிப்பேருக்குக் கட்டி சுருங்கியது. மொத்தமே 9 பேர். இங்கும் ஒப்பீடு இல்லை.

என் மதிப்பீடு இது. அறுவை இயலாத அகணிக் கட்டிக்குக் கதிர்வீச்சு உண்மையான சிகிச்சை: வலிக்கும் எலும்புக்கும் தண்டுவடத்துக்கும் வெளிப்புறக் கதிர், வளர்ந்துகொண்டிருப்பது உறுதியான, ஸ்கேனில் ஒளிரும் பரவிய நோய்க்கு உள்ளிருந்து சுடும் கதிர். புறணிப் புற்றில் அது துணைப்படைதான். குறிப்பிட்ட இடத்தின் தொல்லையை அடக்கும்; ஆனால் நோயின் போக்கை மாற்றும் என்பதற்குச் சான்று இல்லை.

வீட்டில் ஒருவருக்கு 'ஆபரேஷன் பண்ண முடியாது' என்று சொல்லப்பட்டால், கதிர்வீச்சுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும்முன் மருத்துவரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். இது புறணியா, அகணியா? கடந்த சில மாதங்களில் கட்டி வளர்ந்திருக்கிறதா? எந்த ஸ்கேனில் ஒளிர்கிறது? மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா? அகணிக் கட்டியானால், ஆல்ஃபா தடுப்பு மருந்து தொடங்கி எத்தனை நாளாயிற்று என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.